ரூடர் தம்பதியின் கைதுச் சீட்டு

அமெரிக்காவில் வெதர்பி கவுண்டி என்ற சின்ன மாவட்டத்தில் யாரைக் கைது செய்தாலும் அந்தப் பெயர் லியோட்டா பிரங்கார்ட்டின் மேசையைத் தாண்டித்தான் போக வேண்டும். ஷெரிஃப் அலுவலகத்து வாசலில், கண்ணாடிச் சன்னலுக்கு உள்பக்கம், இருபத்திரண்டு வருடமாக அவளுடைய நாற்காலி கிடக்கிறது. யாரைப் பிடித்தார்கள், எதற்காகப் பிடித்தார்கள், எப்போது வெளியே விட்டார்கள் என்று பதிந்து வைப்பதும், கேட்டு வருகிறவர்களுக்கு எடுத்துக் கொடுப்பதும் அவள் வேலை. பருத்த உடம்பு, அதைவிடப் பெரிய சிரிப்பு. அவள் சிரித்தால் பின்கட்டில் அடைபட்டிருப்பவர்கள், "லியோட்டா, என்ன விஷயம்னு எங்களுக்கும் சொல்லு" என்று குரல் கொடுப்பார்கள்.

ஆனால் சன்னலுக்கு ஆள் வந்துவிட்டால் அந்தக் குரல் தணிந்துவிடும். மூவாயிரம் பேர்தான் மொத்த ஜனம். கோதுமை அறுவடை நாட்களைத் தவிர மற்ற நேரமெல்லாம் அடுத்தவர் கதைதான் அங்கே பொழுதுபோக்கு. வேலைக்கு மனுப் போட தன் பழைய பதிவைக் கேட்டு வருகிறவன், மகளைக் கட்டப்போகிறவனைப் பற்றி விசாரிக்க வருகிற தகப்பன், மூன்று நாளாக வீடு திரும்பாத கணவனைத் தேடி வருகிறவள் என்று எல்லோரும் முதலில் தரையைப் பார்த்துத்தான் பேசுவார்கள்.

"எதுக்குன்னு சொல்லணுமா?"

"வேணாங்க. பேரு, தேதி, அவ்வளவுதான். இது பொதுப் பதிவு. மழை வருமான்னு கேக்குற மாதிரி கேளுங்க."

வெறும் வம்புக்காகக் கேட்டு வருகிறவர்களுக்கும் காகிதத்தை எடுத்துக் கொடுப்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை அவளிடமிருந்து பெயராது.

ஊர் அவளை நம்பியதற்கு ஒரு காரணம் இருந்தது. எட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் தம்பி டாரல் குடித்துவிட்டு வண்டி ஓட்டி, பள்ளிக்கூட வேலியில் முட்டி, சிறைக்குள் போனான். வாராந்தரக் கைதுப் பட்டியலைத் திங்கட்கிழமை காலையில் வாசல் கதவில் ஒட்ட வேண்டியவள் அவள். ஷெரிஃப் டாய்ல் அவள் மேசை ஓரத்தில் வந்து நின்று தொண்டையைச் செருமினார்.

"இந்த வாரம் பட்டியல் கொஞ்சம் லேட்டானா யாரும் கேக்கப்போறதில்ல, லியோட்டா."

"கேக்க மாட்டாங்க. பேசுவாங்க" என்றாள் அவள். தம்பி பெயரைத் தானே தட்டச்சு செய்து தானே ஒட்டினாள். டாரல் இரண்டு மாதம் அவளிடம் பேசவில்லை. பிறகு ஒரு நாள், கோஸும் மாட்டுக்கறியும் அடைத்துச் சுட்ட பன் ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்து சன்னலில் வைத்து, "என் பேர்ல ஒரு எழுத்தை விட்டுட்ட. திருத்து" என்றான். அன்று அவள் சிரித்ததில் பின்கட்டுக்காரர்கள் தூக்கம் கலைந்து எழுந்துவிட்டார்கள்.

போன மே மாதம் ராக்ஸேன் என்ற பெண் சன்னலுக்கு வந்தாள். நாற்பதைத் தாண்டியவள், நகரத்தில் பல் மருத்துவர். அவள் தரையைப் பார்க்கவில்லை. சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றாள்.

"எங்க அப்பா அம்மாவைக் கைது பண்ணின பதிவு வேணும். ஆர்லின் ரூடர், வனெட்டா ரூடர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தி நாலு, ஜூன் எட்டு."

"எந்த விஷயமா?" லியோட்டா தன் விதியையே மறந்து கேட்டுவிட்டாள்.

ராக்ஸேன் சொன்னாள். அன்றைக்கு அவர்களுக்குக் கல்யாணம். விருந்து முடிந்ததும் மாப்பிள்ளையும் பெண்ணும் ஒரு டப்பா சிவப்புப் பெயிண்டோடு ஊர்த் தண்ணீர்த் தொட்டியின் ஏணியில் ஏறி, தொட்டி மேல் தங்கள் பெயரை எழுதிக்கொண்டிருந்தபோது பிடிபட்டார்கள். கல்யாணத்தில் படம் எடுத்த மாமா கேமராவின் பின்பக்கத்தை வெயிலில் திறந்துவிட்டதால் ஒரு படம்கூடத் தேறவில்லை. அந்த நாளில் அவர்களை யாராவது படம் எடுத்திருந்தால் அது சிறையில் எடுத்ததாகத்தான் இருக்க வேண்டும். ஐம்பதாவது கல்யாண நாள் அடுத்த மாதம் வருகிறது.

"முதல்ல இணையத்துல தேடினேன். அரிசோனாவுல மாடு திருடின வேற ஒரு ஆர்லின் ரூடரைக் காட்டுது" என்றாள். "அதோட வீட்டுல ஒரு சண்டை இருக்கு. அம்மாவை அன்னிக்குக் கைதே பண்ணலைன்னு அப்பா சொல்றாரு. 'நான் உள்ள இருந்தேன், நீ வெளிய காபி குடிச்சிட்டு உக்காந்திருந்த' அப்படின்னு ஐம்பது வருஷமா சீண்டிட்டே இருக்காரு. அம்மா ஒத்துக்கறதே இல்ல."

கணினியில் இருப்பதெல்லாம் தொண்ணூற்றாறுக்குப் பிறகு வந்தவை. அதற்கு முந்தியவை நீதிமன்றக் கட்டடத்தின் அடித்தளத்தில், இரும்பு அலமாரிகளில், குடும்பப் பெயர் வரிசையில் அட்டை அட்டையாக இருந்தன. லியோட்டா கண்ணாடியை மாட்டிக்கொண்டு கீழே இறங்கினாள். ஆர்லின் பத்து நிமிடத்தில் கிடைத்தார். காது வரை இளிக்கிற இளைஞன், கல்யாணக் கோட்டு, மூக்கு நுனியில் பெயிண்ட். லியோட்டா தனியாக நின்று குலுங்கிச் சிரித்தாள்.

வனெட்டாதான் கிடைக்கவில்லை. கல்யாணத்தன்றைக்கே பிடிபட்டதால் பிறந்த வீட்டுப் பெயரில்தான் பதிந்திருப்பார்கள் என்று நினைத்தாள்; அது கெஸ்லர் என்று ராக்ஸேன் சொல்லியிருந்தாள். அந்தப் பெயரில் இருந்த அட்டைகளையெல்லாம் புரட்டினாள். தப்பாக எழுதியிருப்பார்களோ என்று ஒலி ஒத்த பெயர்களையும் பார்த்தாள். மூன்று நாள், மதியச் சாப்பாட்டு நேரமெல்லாம் அடித்தளத்திலேயே போயிற்று. சிறைக்காவலர் மெர்ல் படியில் நின்று எட்டிப் பார்த்தார்.

"அந்தக் கிழவர் சொல்றதுதான் நிஜமா இருக்கும். காபி குடிக்கிறவங்களுக்கு யாரு அட்டை போடுவாங்க?"

"ஏணியில ஏறின பொண்ணு காபி குடிச்சிட்டு உக்காந்திருப்பாளா, மெர்ல்? நீயே சொல்லு."

நான்காம் நாள் பாதிரியாருக்கு ஒரு வாழ்த்து அட்டையில் கையெழுத்துப் போடும்போது லியோட்டாவின் கை நின்றது. தனக்குக் கல்யாணமான வாரம் கிடைத்த காகிதத்திலெல்லாம், மளிகைச் சீட்டின் முதுகில்கூட, 'திருமதி பிரங்கார்ட்' என்று எழுதிப் பார்த்தது ஞாபகம் வந்தது. கல்யாணமாகி மூன்று மணி நேரம் ஆன ஒருத்தியிடம் பெயரென்ன என்று கேட்டால் அவள் பிறந்த வீட்டுப் பெயரையா சொல்லுவாள்?

பேனாவைப் போட்டுவிட்டு இறங்கினாள். ரூடர்கள் அந்தக் கவுண்டியில் எக்கச்சக்கம். ஆர்லினோடு ஒரு இழுப்பறை நிறைந்து, மிச்ச ரூடர்கள் அடுத்ததில் இருந்தார்கள். அது துருப்பிடித்துத் திறக்க மறுத்தது. மெர்ல் வந்து அலமாரியில் காலை ஊன்றிக்கொண்டு இழுத்தார். இழுப்பறையோடு அவரும் பின்னால் சரிந்து தரையில் உட்கார்ந்தார். மடியில் விழுந்த அட்டைகளில் கடைசிக்கு முந்தியது வனெட்டாவுடையது.

வெள்ளை முக்காடு ஒரு பக்கம் சரிந்திருக்கிறது. ஒரு கையில் எண் பலகை, இன்னொரு கையில் பூச்செண்டு. வாயைத் திறந்து சிரிக்கிறாள். தொழில் என்ற இடத்தில் யாரோ ஒரு காவலர் கோணல் கையெழுத்தில் 'மணப்பெண்' என்று எழுதியிருந்தார்.

"சரி, காபி இல்ல" என்றார் மெர்ல் தரையிலிருந்தபடியே.

பதிவை யாருக்கும் கொடுக்கலாம், படத்துக்கு ஷெரிஃப் அனுமதி வேண்டும். டாய்ல் அட்டையை நெடுநேரம் பார்த்தார். "சம்பந்தப்பட்டவங்களே நேர்ல வந்து கேக்கட்டும், கொடுத்துடலாம்" என்றார். விதியைவிட அவர்களைப் பார்க்கும் ஆசைதான் அவருக்கு அதிகம் என்று லியோட்டாவுக்குப் புரிந்தது.

ஏதோ கையெழுத்து வேண்டுமாம் என்று சொல்லி ராக்ஸேன் இருவரையும் அழைத்து வந்தாள். ஆர்லின் முழங்கால் வலியோடு தடி ஊன்றி வந்தார். வனெட்டா ஞாயிற்றுக்கிழமை உடுப்பில் வந்தார். லியோட்டா இரண்டு அட்டைகளையும் கண்ணாடிக்கு அடியில் தள்ளினாள்.

வனெட்டா தன் அட்டையைக் கையில் எடுத்தார். விரலால் அந்த முக்காட்டைத் தடவினார். கண் கலங்கியது. பிறகு கணவர் பக்கம் திரும்பினார்.

"இப்பச் சொல்லு. எங்க, சத்தமா சொல்லு."

ஆர்லின் தன் அட்டையைப் பார்க்கவே இல்லை. மனைவியின் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இவ்வளவு அழகா இருந்தியாடி நீ" என்றார்.

"பேச்சை மாத்தாத."

"சரி. உன்னையும்தான் புடிச்சாங்க."

"சாட்சிக்கு ஷெரிஃபே நிக்கிறாரு" என்றார் வனெட்டா. டாய்ல் தொப்பியைக் கழற்றி, "பதிவு பண்ணிக்கறேங்க" என்றார்.

வனெட்டா அத்தோடு விடவில்லை. கைதானவர்களை நிறுத்திப் படமெடுக்கிற, உயரம் குறித்த சுவர் உள்ளே இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது. இருவரும் தோளோடு தோள் ஒட்டி அங்கே போய் நின்றார்கள். லியோட்டா ராக்ஸேனின் கைப்பேசியில் படமெடுத்தாள். அவளுக்குச் சிரிப்பில் கை ஆடியதால் மூன்று முறை எடுக்க வேண்டியதாயிற்று. பின்கட்டிலிருந்து எவனோ கை தட்டினான்.

ஜூன் எட்டாம் தேதி தேவாலயக் கூடத்தில் விருந்து. அட்டையிலிருந்த இரண்டு பழைய படங்களும், சுவர் முன்னால் எடுத்த புதுப் படமும் ஆளுயரத்துக்குச் சுவரில் நின்றன. வந்தவர்களெல்லாம் அதன் முன்னால் நின்று படமெடுத்துக்கொண்டார்கள். அக்கார்டியன் இசை தொடங்கியதும் ஆர்லின் தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு மனைவியின் கையைப் பிடித்தார். டாரல் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அக்காவின் முன்னால் கையை நீட்டினான்.

"எனக்கு ஆட வராதுடா."

"எனக்கும்தான். வா."

இரண்டு பேரும் எதிர்ப்பட்டவர்கள் காலையெல்லாம் மிதித்துக்கொண்டு, பாட்டு முடியும்வரை சுற்றிச் சுற்றி ஆடினார்கள்.