வலப்பக்கக் கதவண்ணன்

கச்சேரி தொடங்கி விளக்குகள் மங்கியதும் கதவண்ணன் மேடைக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொள்வார். ஒரு கை கதவுப் பிடியில் இருக்கும். அறுபது வயது, கறுப்புக் கோட்டின் முழங்கை தேய்ந்து பளபளக்கும். அத்தனை பேரும் மேடையைப் பார்க்க, அவர் மட்டும் அத்தனை பேரையும் பார்த்துக்கொண்டு நிற்பார்.

அரங்கின் வலப்பக்கக் கதவைக் காப்பது அவர் வேலை. அதே அரங்கைப் பெருக்கித் துடைப்பது என் வேலை. பெரிய வாத்தியக் குழு வாசிக்கும்போது, பிந்தி வந்தவர்கள் வெளியே காத்திருக்க வேண்டும். ஒரு பாகம் முடிந்து அடுத்தது தொடங்குமுன் சின்ன இடைவெளி வரும். அப்போது கைதட்டுவது வழக்கமில்லை. அடக்கி வைத்த இருமலை இருமித் தீர்ப்பார்கள், காலை நீட்டி மடக்குவார்கள். அந்த நேரம் பார்த்துக் கதவைத் திறந்து, ஆட்களை உள்ளே விட்டு, மூடிவிட வேண்டும்.

வந்தவர்களில் கேட்க வந்தவர் பாதி, இரும வந்தவர் பாதி என்பார். அவசரப்பட்டு முதலில் கைதட்டுகிறவருக்குக் கடைசி பஸ் கவலையாம். கணவர் தூங்கினால் மனைவி எந்த விரலால் கிள்ளுவாள் என்பது வரை அவருக்குத் தெரியும். அழுகிறவர்களைப் பற்றி மட்டும் ஒரு வார்த்தை கேலியாகச் சொன்னதில்லை.

இரண்டு வருடம் முன்பு ஒருநாள், கச்சேரிக்கு முன் காலி அரங்கில், பின்னாலிருந்து அவரைக் கூப்பிட்டேன். திரும்பவில்லை. வாளியைத் தரையில் போட்டேன். அதற்கும் திரும்பவில்லை. முன்னால் போய் நின்றதும், எனக்குத் தெரிந்துவிட்டது என்பதை என் முகத்தைப் பார்த்துப் புரிந்துகொண்டார். வெளியே தெரிந்தால் வேலை போய்விடும், அதைவிட அந்த இடம் போய்விடும் என்றார்.

“காது கேக்காம எப்படிண்ணா இடைவெளி தெரியும்?” என்று அன்று மாலைக் கச்சேரியில், அவர் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்ளும்படி வாயசைத்துக் கேட்டேன்.

“நாலாவது வரிசைக் கண்ணாடிக்காரம்மாவப் பாரு தங்கச்சி. இன்னும் மூச்சு விடல. அப்ப முடியலன்னு அர்த்தம்.” நெஞ்சைத் தொட்டுக் காட்டி, “இருபத்திரண்டு வருசமாக் கேட்டது எல்லாம் உள்ளதான் கெடக்கு. இவங்க மூஞ்சியப் பாத்தாத் தானா ஓடும்” என்றார்.

அன்றிலிருந்து என் பிரார்த்தனையில் அவர் காதையும் சேர்த்துக்கொண்டேன். கச்சேரி நாட்களில் வேலையைச் சீக்கிரம் முடித்து அவர் அருகே நிற்பேன். சந்தேகம் வந்தால் என்னைப் பார்ப்பார். பாகம் முடிந்திருந்தால் நான் தலையை ஆட்டுவேன்.

போன மாதம், பியானோ வாசிக்க ஒரு சின்னப் பெண் வந்திருந்தாள். இரண்டாவது பாகம். கீழே யாரோ காபியைக் கொட்டிவிட்டார்களென்று என்னைக் கூப்பிட்டார்கள். நான் துடைத்துவிட்டுப் படியேறும்போது அது நடந்துவிட்டது.

மற்ற வாத்தியங்கள் எல்லாம் நின்று, பியானோ மட்டும் தனியாக, மெல்லப் போயிருக்கிறது. அண்ணன் ஒரு தரம் மேடையைத் திரும்பிப் பார்த்தபோது, குச்சியை அசைத்து நடத்துகிறவர் கையைத் தொங்கவிட்டு நின்றிருக்கிறார். அந்தப் பெண்ணின் விரல்கள் வலப்பக்கத்திலிருந்து தெரியாது. அவள் வாசிப்பில் எல்லோரும் வெகு நேரம் மூச்சைப் பிடித்திருந்து, ஒன்றாக விட்டு, சாய்ந்திருக்கிறார்கள். கண்ணாடிக்காரம்மா கண்ணாடியைக் கழற்றியே விட்டிருக்கிறார். பாகம் முடிந்தது என்று நினைத்துக் கதவண்ணன் கதவை அகலத் திறந்துவிட்டார்.

பதினோரு பேர். மரத்தரையில் பதினோரு ஜோடிச் செருப்பும் பூட்ஸும். நான் வாசலுக்கு வந்தபோது அரங்கமே திரும்பி அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. இத்தனை வருடம் அவர் படித்த முகங்கள். அதில் என்ன எழுதியிருந்தது என்பதை அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பியானோ நிற்கவில்லை, ஒரு இடத்தில் மட்டும் தடுக்கியது.

மேனேஜர் அம்மா கோபக்காரரல்ல. அண்ணன் காதருகே குனிந்து கேட்டுப் பார்த்து, பிறகு ஒரு தாளில் எழுதிக் காட்டினார்: ஏன் முன்பே சொல்லவில்லை?

“சொன்னா என்னை வெளிய நிறுத்திடுவீங்களேம்மா.”

வேலையை விட்டு நீக்கவில்லை. கீழே, பைகளும் குடைகளும் வாங்கி வைக்கும் மேசைக்கு மாற்றினார்கள். நாற்காலி உண்டு. எதிரே வெள்ளைச் சுவர். கச்சேரி நடக்கும் இரண்டு மணி நேரமும் அவர் அந்தச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். நான் டீ கொண்டுபோய் வைத்தால் ஆறிப் போகிறது. “அந்தப் பொண்ணு அன்னிக்கு அப்படி என்னதான் வாசிச்சுது?” என்று ஒரு தடவை கேட்டார். நான் கீழே காபி துடைத்துக்கொண்டிருந்தேன், எனக்கும் தெரியாது என்றேன்.

நேற்றுக் கச்சேரி முடிந்து கூட்டம் இறங்கியது. எல்லோரும் கைப்பேசியைப் பார்த்தபடி, முகத்தை நிமிர்த்தாமல், பைக்கும் குடைக்கும் வாங்கிய சீட்டை நீட்டினார்கள். ஒரு அம்மா குடையைப் பிடித்து இழுத்தார்; அது வரவில்லை. மறுபடி இழுத்தார். மறுமுனையை அண்ணன் விடவில்லை. என்ன இது என்று அந்த அம்மா நிமிர்ந்தார். கண்ணிமை ஈரமாக இருந்தது. அண்ணன் அந்த முகத்தை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு பிடியை விட்டு, அடுத்த குடையை எடுத்து, அதையும் இறுகப் பிடித்துக்கொண்டு நீட்டினார்.