சர்வே சார் கேட்காத கேள்வி

எங்கள் அரசியல் அறிவியல் துறையில் சர்வே சாரைப் பார்த்து யாராவது "நல்லா இருக்கீங்களா சார்" என்று கேட்டுவிட்டால் தொலைந்தார்கள். "உடம்பைக் கேக்கறீங்களா, மனசையா? ஒரே கேள்வியில ரெண்டைக் கேட்டா பதிலை எதுல சேக்கறது?" என்பார். மக்கள் யாருக்கு ஓட்டுப் போடுகிறார்கள், ஏன் போடுகிறார்கள் என்று முப்பது வருஷமாக வீடு வீடாக ஏறி இறங்கியவர். கேட்டுக் கேட்டே தலை வழுக்கையாகிவிட்டது என்று அவர் மனைவி போனில் என்னிடம் சொல்லிச் சிரிப்பார். நான் இந்தத் துறை அலுவலகத்தின் கண்காணிப்பாளர். ஒன்பது பேராசிரியர்களின் லீவு லெட்டரும் சண்டையும் பத்தொன்பது வருஷமாக என் மேஜை வழியாகத்தான் போகின்றன. எனக்கு வாய் நீளம் என்பார்கள். இல்லாவிட்டால் இவர்களோடு குப்பை கொட்ட முடியுமா?

சாரின் சொத்தெல்லாம் மாடியில் ஓர் அறையில் இருக்கிறது. ஆறு பீரோ நிறைய, ஜனங்கள் நிரப்பிக் கொடுத்த படிவங்கள். வருஷவாரியாகக் கட்டி வைத்திருக்கிறார். எதிலும் பெயர் இருக்காது. கடைசிப் பக்கத்தில் மட்டும் "அரசாங்கத்துக்கு என்ன சொல்ல விரும்புகிறீர்கள்?" என்ற கேள்விக்கு அவரவர் கைப்பட எழுதியிருப்பார்கள். யார் அந்த அறைக்குள் போனாலும் சார் கூடவே போய் நிற்பார். பெருக்கப் போகிறவருக்கும் அதே மரியாதைதான்.

இந்த வருஷம் துறைத் தலைவர் தேர்தலில் சார் நின்றார். எதிரே நின்றவர் அரசியல் தத்துவம் நடத்தும் மேடம். எதையும் முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறவர்.

"சார், நான் வந்தா அந்த ரூமைக் காலி பண்ணிடுவேன். பிள்ளைங்க உக்காந்து பேச இடமில்ல. உங்க பேப்பர் மட்டும் கால் நீட்டிப் படுத்திருக்கு" என்றார்.

சாருக்கு ஓய்வுபெற இன்னும் இரண்டே வருஷம். தோற்றால் முப்பது வருஷ உழைப்பு பழைய பேப்பர்காரர் தராசில் ஏறிவிடும். அவருக்கு ராத்தூக்கம் போனதில் ஆச்சரியமில்லை.

அதற்காக அந்த மனிதர் என்ன செய்தார் தெரியுமா? படிவம் அடித்தார். "தலைவர் தேர்தலில் எனக்கு வாக்களிப்பீர்களா? நிச்சயமாக, அநேகமாக, தெரியாது, மாட்டேன்." மீதி ஏழு பேராசிரியர்களின் அறைக்கும் தானே போய், பேனாவையும் தானே கொடுத்து, எதிரில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். ஏழு பேரும் "நிச்சயமாக" என்பதில் டிக் அடித்துக் கொடுத்தார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சார் எழுதிய பாடப்புத்தகத்தை டைப் அடித்தவளே நான்தான். வேட்பாளரே போய்க் கேட்டால் ஜனங்கள் முகதாட்சண்யத்துக்குத் தலையாட்டுவார்கள், அந்தப் பதிலை நம்பாதே என்பதுதான் அதில் நாலாவது அத்தியாயம் முழுக்க.

"சார், நாலாவது அத்தியாயம்" என்றேன்.

"அது வாக்காளர்களுக்கும்மா. இவங்க பேராசிரியர்கள்."

தலையில் அடித்துக்கொண்டேன். ஊருக்குத்தான் உபதேசம்.

சாக்பீஸ் வந்த அட்டைப்பெட்டியில் ஓட்டு விழுந்தது. எண்ணியதும் நான்தான். மேடத்துக்கு ஏழு, சாருக்கு இரண்டு. அதில் ஒன்று அவரே போட்டுக்கொண்டது.

மறுநாள் அந்த இன்னோர் ஓட்டுக்கு நன்றி சொல்லக் கிளம்பினார். அரைமணி நேரத்தில் திரும்பி வந்து என் எதிரே உட்கார்ந்தார்.

"ஏழு பேரும் 'அது நான்தான் சார்'ங்கறாங்கம்மா. ஒருத்தர் கண்ணே கலங்கிட்டார்."

"ஒரு ஓட்டுக்கு ஏழு பேரா?"

அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். எனக்கும் அடக்க முடியவில்லை. சிரித்து ஓய்ந்தபோது அவர் முகத்தைப் பார்க்கவே பாவமாக இருந்தது. "ரூம் போச்சும்மா" என்றார்.

மேடம் நியாயஸ்தர், அதைச் சொல்லத்தான் வேண்டும். "எனக்குத்தான் ஓட்டுப் போட்டாங்க, ரூமைப் பத்தி யாரும் எதுவும் சொல்லலையே. அதைத் தனியா கேட்டுடலாம் சார்" என்றார். இந்த முறை எல்லாம் நாலாவது அத்தியாயப்படி. சார் அன்று லீவு போட்டு வீட்டில் இருக்க வேண்டும் என்று நானே உத்தரவு போட்டேன். ஏழு பேரும் பதிலையும் காரணத்தையும் டைப் அடித்து, பெயர் போடாமல் பெட்டியில் போட்டார்கள்.

மறுநாள் தலைவர் அறையில் மேடமும் சாரும் உட்கார்ந்திருக்க, நான் சீட்டுகளைப் பிரித்துப் படித்தேன். ஐந்து பேர் காலி செய்யச் சொல்லியிருந்தார்கள். "சார் தலைவராகியிருந்தால் டீ குடிக்கக்கூடப் படிவம் நிரப்பியிருப்போம்" என்று ஒருவர் சேர்த்து எழுதியிருந்தார். "இதுதான்மா உண்மையான பதில்" என்று சார் அதை ரசித்தார். ஆறாவது சீட்டில் "இருந்துவிட்டுப் போகட்டும்" என்று மட்டும் இருந்தது. ஏழாவது சீட்டுதான் எல்லாவற்றிலும் நீளம்.

"காலி செய்ய வேண்டாம். சார் ஆரம்பித்த மூன்றாம் வருஷக் கட்டில் என் அப்பா நிரப்பிய படிவம் இருக்கிறது. போன வருஷம் ஒரு கட்டுரைக்காகப் புரட்டியபோது தற்செயலாகக் கண்ணில் பட்டது. இப்போது அப்பா இல்லை. அவர் கையெழுத்தில் எங்கள் வீட்டில் வேறெதுவும் இல்லை. சார் பக்கத்திலேயே நின்றதால் முழுதும் படிக்கக் கூச்சமாக இருந்தது."

சீட்டை மடித்து மேஜை மேல் வைத்தேன். பிறகு சார்தான் ஆரம்பித்தார்.

"அஞ்சுக்கு ரெண்டு. எண்ணிக்கை எண்ணிக்கைதான் மேடம். நாளைக்கே காலி பண்ணிடறேன்."

"எண்ணறது உங்க பாடம் சார். எண்ணி முடிச்சப்புறம் தோத்தவங்களை என்ன பண்றதுங்கறது என் பாடம்" என்றார் மேடம். "ரூம் அப்படியே இருக்கட்டும். தலைவர் ரூம் இவ்வளவு பெருசா எனக்கெதுக்கு? பிள்ளைங்க இங்க வந்து உக்காரட்டும்."

சார் நேரே மாடிக்குப் போனார். மூன்றாம் வருஷக் கட்டை எடுத்துத் தூசி தட்டி, முடிச்சை அவிழ்த்து மேஜை மேல் வைத்தார். நானும் பின்னாலேயே போயிருந்தேன். ஏழு பேரில் யார் யாருக்கு அப்பா இல்லை என்று அதற்குள் விரல் விட்டு எண்ணியும் முடித்திருந்தேன்.

"யாரா இருக்கும் சார்?" என்றேன்.

"கேக்கக் கூடாதும்மா."

பத்தொன்பது வருஷத்தில் அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு இறங்கி வந்தார்.

மறுநாள் மதியம் அந்தக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. படியேறி வந்த சார் அதைப் பார்த்ததும் ஓசைப்படாமல் திரும்பி, என்னையும் கேன்டீனுக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஒரு மணி நேரம் அங்கேயே இருந்தோம். மாடியிலிருந்து யார் இறங்கி வந்தாலும் கண்ணில் படாதபடி, வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.