முனிராஜின் இரண்டாவது மோட்டார்

முனிராஜ் பாட்டரியின் மூடிகளைத் திருகி எடுத்து, ஒவ்வொரு ஓட்டையாகக் குனிந்து பார்க்கிறார். தண்ணீர் மட்டம் சரி. ஒரு சின்ன பல்பை ஒயரில் தொட்டு எரியவிட்டு அணைக்கிறார். அதற்கப்புறம்தான் டிக்கெட் வாங்கியவர்கள் படகில் ஏறலாம். மற்ற படகுகள் அதற்குள் ஏரியை ஒரு சுற்று சுற்றி வந்திருக்கும்.

படகில் பெட்ரோல் எஞ்சின் இருக்கிறது. அதன் பக்கத்தில், தண்ணீருக்கு மேல் தூக்கிவைத்தபடி, ஒல்லியாக ஒரு கரண்ட் மோட்டார். ராஜேஷ்குமார் என்ற கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர் மீன் பிடிக்க அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்தது. ஒரு மீனும் சிக்காத கோபத்தில் இவரிடம் கொடுத்துவிட்டார். எஞ்சின் நின்றால் கைகொடுக்கும் என்று முனிராஜ் அதற்கு ஒரு கார் பாட்டரியும் தேடிப் பிடித்தார். இரண்டு வருடத்தில் ஒருநாளும் அது தேவைப்படவில்லை. "மாமியாரக் கூட்டிக்கினு சுத்தறான்" என்று பக்கத்துப் படகு ரவி கிண்டல் செய்வார். ஆஸ்டின் டவுன் வீட்டில் கரண்ட் போகும்போதெல்லாம், மனைவி காந்தா டிவி பார்க்க அந்தப் பாட்டரியைக் கேட்டு அலுத்துவிட்டார்.

"டிவி நின்னா சும்மா உக்காந்துக்கலாம். போட்டு நின்னா எங்க போறது?" என்பதுதான் அவருக்குக் கிடைக்கும் பதில்.

ஞாயிறுதோறும் படகேறும் எனக்கு மட்டும் காரணம் தெரியும். ஐம்பத்திரண்டு வயது முனிராஜுக்கு நீச்சல் தெரியாது. "இருபது வர்சமா தண்ணி மேலதான் சார் பொழப்பு. உள்ள எறங்குனதே இல்ல. ஆபீஸ்ல சொல்லிராதீங்க, போட்டப் புடுங்கிக்குவாங்க." தெரிந்தும் அவர் படகில்தான் ஏறுவேன். பயப்படுகிறவர் ஓட்டுகிற வண்டியில்தான் எனக்கு நிம்மதி.

போன ஆடியில் ஒரு மத்தியானம், மற்ற படகுகள் சாப்பாட்டுக்காகத் துறையில் நின்றிருந்த நேரம், ஏரி நடுவில் எஞ்சின் இருமிவிட்டு நின்றது. படகில் சீதாலட்சுமி என்ற பெண்மணியும் அவருடைய இரண்டு குழந்தைகளும், ஒரு கன்னடத் தம்பதியும், நானும். முனிராஜ் எஞ்சின் கயிற்றைப் பத்துத் தடவை இழுத்துப் பார்த்தார். பிறகு ஒல்லி மோட்டாரைத் தண்ணீரில் இறக்கி, ஐந்து வரை எண் போட்ட வேகத் திருகை இரண்டில் வைத்தார். படகு சத்தமில்லாமல் அசைந்தது.

கன்னடக்காரர் எழுந்து நின்று ஃபுல் ஸ்பீடில் துறைக்கே திருப்பச் சொன்னார்.

"கூத்கொள்ளி சார்" என்று கன்னடத்தில் சொல்லி முதலில் அவரை உட்காரவைத்துவிட்டு, முனிராஜ் எங்களிடம் தமிழில் சொன்னார். "காத்தோட மல்லுக்கு நின்னா பாட்டரி கால் மணியில காலி. அது தள்ற பக்கமே போலாம். நான் திருப்ப மட்டும் பாக்கறேன்."

அரைமணி நேரம் அப்படியே போனோம். சீதாலட்சுமி குழந்தைகளுக்கு நாரை காட்டிக்கொண்டு வந்தார். முனிராஜ் தண்ணீர்ப் பக்கம் பார்க்காமல் எதிர்க்கரையையே பார்த்து ஓட்டினார். பாவமாக இருந்தது.

எதிர்க்கரைக்குப் பத்தடி இருக்கும்போது மோட்டாரில் பாசி சுற்றிக்கொண்டது. படகு பக்கவாட்டில் மாட்டி நின்றது. அலை விளிம்பைத் தாண்டி உள்ளே விழுந்து, குழந்தைகளின் செருப்பு நனைந்தது. முனிராஜ் துடுப்பை ஊன்றினார். பாதிக்கு மேல் சேற்றுக்குள் போயிற்று, தரை தட்டவில்லை. கரையில் ஆளில்லை. யாராவது இறங்கி இழுத்தால்தான் உண்டு. படகில் இருந்த ஆறு லைஃப் ஜாக்கெட்டும் எங்கள் ஆறு பேர் மேல்.

எனக்கு நீச்சல் தெரியும். செருப்பைக் கழற்றிவிட்டு எழுந்தேன்.

"உக்காருங்க சார். நீங்க பாசெஞ்சர்."

படகின் கயிற்றை இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டார். விளிம்பில் உட்கார்ந்து, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, காலைத் தண்ணீருக்குள் விட்டார்.