வர்றேன் என்று சொன்னவள்

ஜவ்வாது மலையில் ஒரு வீட்டுக் கூடத்தில் எங்கள் பேராசிரியர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார். வேண்டாம் என்று சொல்ல வாய் வராமல், இலையில் மறுபடியும் மறுபடியும் விழுகிற சாமைச் சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். அவரை நினைத்தாலே எனக்கு முதலில் வருவது இந்தக் காட்சிதான். பல்கலைக்கழகத்தில் அவரைத் தெரிந்தவர்கள் யாரும் இதை நம்பமாட்டார்கள். மதியம் டப்பாவில் கொண்டுவருகிற சப்பாத்தியில் பாதியை மிச்சம் வைத்துவிட்டு எழுந்துபோகிற மனிதர் அவர். சர்க்கரை வியாதி வேறு. எதிரே குந்தியிருந்த வீட்டுக்காரர், "இன்னும் கொஞ்சம் போட்டுக்கோங்க சார், எம்பொண்ணுக்கு வேல குடுத்த கையிங்க" என்று சொல்லச் சொல்ல, சார் தலையைக் குனிந்துகொண்டு சோற்றைப் பிசைந்தார். அந்தப் பெண்ணுக்கு அப்போது வேலை இல்லை. அதைச் சொல்லத்தான் நாங்கள் மலையேறியிருந்தோம்.

அப்போது நான் சாருடைய ஆய்வுக்கூடத்தில் முனைவர் பட்டத்துக்காக முக்கிக்கொண்டிருந்தேன். என் வீடு சந்தவாசலில். அந்த மலையை அண்ணாந்து பார்த்தே வளர்ந்தவள், ஏறிப் பார்த்தது குறைவு. தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய படலங்களுக்குள் வெப்பம் எப்படி நகர்கிறது என்று அளப்பதுதான் எங்கள் வேலை. ஊரில் யாராவது கேட்டால், "செல்போன் ஏன் சுடுதுன்னு பாக்குறோம்" என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன். சொல்லிக்கொள்ளப் பெருமையாக இருந்தாலும், உண்மையில் அங்கே பெரும்பாலான நேரம் செய்வது ஒன்றே ஒன்றுதான், காத்திருப்பது. காற்றை உறிஞ்சி எடுத்த பாத்திரத்துக்குள் மாதிரியை வைத்துவிட்டு, திரையில் எண் ஓடி ஓடி ஓரிடத்தில் நிற்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டும். யாராவது கதவை அறைந்து சாத்தினால் போயிற்று. ஆர்வத்தில் பாத்திரத்தைத் தொட்டாலும் போயிற்று, முதலிலிருந்து தொடங்க வேண்டும். பொறுமையில்லாமல் எடுத்த அளவுகளை நம்பி ஒரு கட்டுரையையே திரும்பப் பெற்றவர் சார். அந்த அவமானம் அவர் மனசிலிருந்து போகவே இல்லை.

அதனால் ஆய்வு உதவியாளர்களைத் தேர்ந்தெடுக்க அவர் ஒரு முறை வைத்திருந்தார். கேள்வியெல்லாம் கேட்டு முடித்த பிறகு, வந்தவரைத் தனியாக அளவுக் கருவியின் முன்னால் உட்காரவைப்பார். "எண் நின்னதும் வந்து சொல்லுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அறையைவிட்டு வெளியே போய்விடுவார். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்ப்பது என் வேலை. சொன்னால் பாவம், எனக்கு அது நல்ல பொழுதுபோக்கு. தங்கப் பதக்கம் வாங்கியவர்கள் கொஞ்ச நேரத்திலேயே காலாட்ட ஆரம்பிப்பார்கள். ஒருவர் கருவியின் பின்னால் போய் ஒயரையெல்லாம் பிடித்துப் பார்த்தார். இன்னொருவர் எண் நிற்காததால் கருவி பழுது என்று முடிவுகட்டி, எங்கே வாங்கினீர்கள் என்று என்னிடமே விசாரித்தார். பாதிப் பேர் எண் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஓடிவந்து, நின்றுவிட்டது என்று சொல்லிவிடுவார்கள்.

அந்த ஆண்டு நேர்காணலுக்கு மலையிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். அவர்கள் ஊரில் இயற்பியலில் முதுகலை முடித்த முதல் ஆள் அவள்தான். கேள்விகளுக்குப் பிரமாதமாகப் பதில் சொன்னாள் என்று சொல்ல மாட்டேன். தெரிந்ததைச் சொன்னாள், தெரியாததற்கு "தெரியாது சார்" என்றாள். சுற்றி வளைக்கவில்லை. பிறகு கருவியின் முன்னால் உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் அசையவே இல்லை. டீ வந்தது, குடித்தோம். அடுத்தவரையும் அதற்கடுத்தவரையும் கேள்வி கேட்டு முடித்தோம். எனக்கே அவள் ஞாபகம் போய்விட்டது. கடைசியில் அவள் மெதுவாகக் கதவைத் திறந்துகொண்டு வந்து, "இப்ப நின்னுடுச்சு சார். முன்னாடியே ஒருவாட்டி நின்னாப்ல இருந்துச்சு. ஆனா நம்பல. கொஞ்சம் பொறுத்துப் பாத்தேன், மறுபடி நகந்துச்சு" என்றாள். சார் எழுந்து நின்றுவிட்டார். எங்களைப் பார்த்து ஒருநாளும் எழுந்து நின்றவர் இல்லை அவர்.

எல்லாரும் கிளம்பிய பிறகு அவளை மட்டும் கூப்பிட்டுக் கேட்டார். "ஏம்மா, இடம் கொடுத்தா வருவியா? இடையில வேற வேலை கிடைச்சதுன்னு போயிட மாட்டியே?"

"வர்றேன் சார். சொன்னா வந்துடுவேன்."

சேர வேண்டிய தேதியைச் சார் சொன்னார், அவ்வளவுதான். சாருக்கு அன்று வந்த சந்தோஷத்தை என்னென்று சொல்வது? மாலை முழுக்க ஆய்வுக்கூடத்தில் வளையவந்தார். அவளுக்கு எந்த மேஜை, எந்த மாதிரியில் தொடங்குவது என்று என்னிடம் பேசிக்கொண்டே இருந்தார். எனக்குக்கூடக் கொஞ்சம் பொறாமையாக இருந்தது. முதலிடத்தில் அவள் பெயரை எழுதிப் பட்டியலை அலுவலகத்துக்கு அனுப்பினோம். அதன் பிறகு நடப்பதெல்லாம் அலுவலகத்தின் வேலை. தேர்வானவருக்கு மின்னஞ்சல் போகும். அவர் குறித்த நாளுக்குள் அதில் சம்மதம் என்று அழுத்த வேண்டும். அழுத்தாவிட்டால் இடம் தானாக அடுத்தவருக்குப் போய்விடும்.

அவள் ஊரில் செல்போனுக்குச் சிக்னல் கிடையாது. கொடுத்திருந்த எண்ணும் அவளுடைய மாமா ஒருவருடையது. இடையில் நான் கூப்பிட்டுப் பார்த்தேன், தொடர்பு எல்லைக்கு வெளியே என்றே வந்தது. சாரிடம் சொன்னேன். "அவதான் வர்றேன்னு சொல்லிட்டாளே, எதுக்கு அந்தப் பொண்ண தொந்தரவு பண்ற?" என்றார். எனக்கும் அது சரியென்றே பட்டது. அவள் சொன்ன விதத்தைக் கேட்ட யாருக்கும் அப்படித்தான் பட்டிருக்கும்.

சேர வேண்டிய நாளன்று காலையில் எங்கள் கதவைத் தட்டியவன் பட்டியலில் இரண்டாவதாக இருந்த இளைஞன். கையில் இனிப்புப் பொட்டலம், முகம் கொள்ளாத சிரிப்பு. பார்த்துக்கொண்டிருந்த டியூஷன் சென்டர் வேலையை வேண்டாமென்று எழுதிக்கொடுத்துவிட்டு, அறையையும் காலி செய்துவிட்டு, பெட்டியோடு வந்திருந்தான். சார் அவனை உட்காரச் சொல்லிவிட்டு அலுவலகத்துக்கு ஓடினார், நானும் பின்னாலேயே ஓடினேன். பிரிவு உதவியாளர் ரொம்ப நல்ல மனிதர். "எனக்கும் கஷ்டமாத்தான் சார் இருக்குது. தேதி முடிஞ்சதும் சிஸ்டம் மூடிடுது. என் கையில ஒண்ணும் இல்ல" என்றார். மேலே போனோம். அங்கே இருந்தவர் அதற்கும் மேலே கைகாட்டினார். ஒருவர்கூட முகத்தைச் சுளிக்கவில்லை. உட்காரவைத்து, காப்பி கொடுத்து, வருத்தப்பட்டு அனுப்பினார்கள். யாராவது ஒருவர் கத்தியிருந்தால் நாங்களும் திருப்பிக் கத்தியிருப்போம், மனசு கொஞ்சம் ஆறியிருக்கும். திரும்பி வந்தபோது அந்த இளைஞன் இனிப்பைப் பிரித்து எல்லோருக்கும் கொடுத்துக்கொண்டிருந்தான். அவனை எழுந்து போ என்று எப்படிச் சொல்வது? அவன் செய்த தப்புதான் என்ன? சார் ஒரு துண்டை வாங்கி வாயில் போட்டுக்கொண்டார்.

ஆள் அனுப்பிச் சொல்லிவிடலாம் என்றேன். "அவ நேர்ல சொன்னா. நானும் நேர்ல போய்ச் சொல்லணும்" என்றார் சார். அவள் எப்போது கிளம்பிவிடுவாளோ என்ற பயம் வேறு. மறுநாளே மலையடிவாரத்து ஒடுகத்தூர்வரை பஸ்ஸில் போனோம். அங்கிருந்து மேலே போகிற ஜீப் ஒன்றைப் பிடித்தோம். வழி முழுக்க எப்படிச் சொல்வது என்று சார் ஒத்திகை பார்த்தார். ஒவ்வொரு வளைவிலும் புதிதாக ஒரு முதல் வாக்கியம் வைத்திருந்தார், அடுத்த வளைவில் அது அவருக்கே பிடிக்காமல் போனது. கடைசியில், "நீ ஆரம்பிச்சிடேன்" என்றார் என்னிடம்.

ஆனால் ஆரம்பிக்க எங்களை யாரும் விடவில்லை. ஜீப்பிலிருந்து இறங்கியதுமே அவள் அப்பா ஓடிவந்து சாரின் கையைப் பிடித்துக்கொண்டார். "புள்ளைய கூட்டினு போவ நீங்களே வந்துட்டீங்களா? ஒரு நா தள்ளிப்போச்சேன்னுதான் பாத்துக்கினு இருந்தோம். மழையில ரோடு சரிஞ்சி நேத்துவரைக்கும் ஜீப்பே வரலிங்க." வாசலில் சொந்தக்காரர்கள் கூடியிருந்தார்கள். அவளை வழியனுப்பத்தான் சாமிக்குச் சேவல் அறுத்திருந்தார்கள். உள்ளே ஒரு புதுப் பை, ஜிப் போட முடியாத அளவுக்குத் துணி திணித்து வைத்திருந்தது. சார் என்னைப் பார்த்தார், நான் சாரைப் பார்த்தேன். அதற்குள் அவருக்குக் கைகழுவத் தண்ணீர் கொடுத்துவிட்டார்கள்.

அந்தப் பெண் எங்கள் இருவர் முகத்தையும் ஒருமுறை மாறிமாறிப் பார்த்தாள். பிறகு என்னை வீட்டின் பின்பக்கம் கூட்டிப்போனாள். "இன்னாக்கா ஆச்சு?" என்றாள்.

சொன்னேன். நான் ஒத்திகை எதுவும் பார்த்திருக்கவில்லை. மின்னஞ்சல், தேதி, அந்த இளைஞன் என்று வாய்க்கு வந்தபடி கொட்டினேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"மெயிலு வரும்னு தெரியும்க்கா. எந்தத் தேதியில சேரணும்னு சார் வாயாலயே சொல்லிட்டாரு, அதுல வேற இன்னா இருக்கப் போவுதுன்னு கீழ எறங்கிப் போயி பாக்கல. வருவியான்னு கேட்டாரு, வர்றேன்னு சொல்ட்டேன். எங்க ஊர்ல அதுக்கப்புறம் மறுபடி கேட்டா, நம்பலன்னு அர்த்தம்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "அந்தப் பையன் இருந்த வேலைய வுட்டுட்டு வந்துட்டாரா?"

"வுட்டுட்டான்."

"அப்ப இன்னா பண்றது?"

அவள் அழுதிருந்தால் அணைத்துக்கொண்டாவது நின்றிருப்பேன். அவள் அழவில்லை. கை துடைக்க எனக்கு ஒரு துண்டை எடுத்து நீட்டினாள். "சாப்புட்ற வரைக்கும் சொல்லவேணாம்னு சார்கிட்ட சொல்லுங்க. அப்பா காலைலேந்து ஒண்ணும் சாப்புடல. ஒங்களுக்குப் போட்டுட்டுத்தான் சாப்புடுவாரு. நான் அப்பறமா சொல்லிக்கிறேன்."

உள்ளே போய்ச் சாரின் காதில் சொன்னேன். அதனால்தான் அவர் அன்று அப்படிச் சாப்பிட்டார். மொச்சைக் குழம்பையும் கோழியையும் அவள் அம்மா ஊற்றிக்கொண்டே இருந்தார். பக்கத்தில் நின்று தண்ணீர் மொண்டு கொடுத்தவள் அந்தப் பெண்தான். அத்தை ஒருத்தர், சென்னை மாதிரி அங்கேயும் தண்ணி உப்பா இருக்குமா, தலைமுடி கொட்டுமா என்று அவளைக் கேட்டார். "கொட்டாது அத்தே" என்றாள். எனக்கு அப்படியே எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது.

இன்று நான் வேறொரு கல்லூரியில், மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து ஆள் எடுக்கிறேன். தேர்வானவர் சம்மதம் சொல்லி அழுத்திவிட்டாரா என்று நாலு வேளையும் போன் போட்டு உயிரை எடுக்கிறேன். மேடத்துக்கு யார்மேலும் நம்பிக்கையே கிடையாது என்று என் மாணவர்கள் கேலி பேசுவது எனக்கும் தெரியும். அந்த இளைஞன் நன்றாகவே வேலை செய்தான், அவன்மேல் கோபப்படக்கூட எனக்கு வழியில்லை. சாருடைய அந்த ஆய்வுத் திட்டத்துக்கு நீட்டிப்புக் கிடைக்கவில்லை. அடுத்த இடம் என்று ஒன்று வரவே இல்லாமல் அவர் ஓய்வுபெற்றுப் போய்விட்டார். இதெல்லாம் நடக்கும் என்று அன்று மலையில் எங்கள் யாருக்கும் தெரியாது.

கிளம்பும்போது அவள் அப்பா ஒரு பலாப்பழத்தைத் தூக்கிவந்து ஜீப்பில் வைத்தார். "புள்ள ஒங்ககூடவே வரலிங்களா?" என்று கேட்டார். சார் வாயைத் திறப்பதற்குள், "சார் வேற வேலையா வந்தாருப்பா. நீ போயி சாப்புடு" என்றாள் அவள். அவர் சாரைக் கும்பிட்டுவிட்டு உள்ளே போனார்.

ஜீப்புக்காரர் வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தார். சார் அவள் எதிரே நின்றார். வழியெல்லாம் சேர்த்துவைத்த வாக்கியங்களில் ஒன்றுகூட அவருக்கு வரவில்லை. அவர் கண் கலங்கி நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். எதையாவது கொடுத்துவிட்டுப் போக வேண்டும் என்று தவித்தார், கொடுக்க அவரிடம் ஒன்றுமில்லை. "அம்மா, அடுத்த இடம் வந்தா அது கண்டிப்பா..." என்று ஆரம்பித்தார்.

"வேணாம் சார், சொல்லாதீங்க" என்றாள் அவள். குரலில் கோபம் இல்லை. "நீங்க சொல்லிட்டா நான் காத்துக்கினே இருப்பேன்."