ஹாஜியாரோடு குகைக்குப் போன போயா நாள்

அந்த வருடம் நான் மூன்று பேராக வாழ்ந்துகொண்டிருந்தேன். வார நாட்களில் கண்டி நகரத்தில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் கவுண்டரில் நிற்பேன். சனி ஞாயிறுகளில் பேராதனையில் தொல்லியல் வகுப்பு. வகுப்பு முடிந்த கையோடு ஏதாவது ஒரு மலைக்குப் பஸ் ஏறிவிடுவேன். திரும்பும்போது கம்பியைப் பிடித்து நின்றபடியே, ஞாயிறு பத்திரிகை ஒன்றுக்கான பயணக் கட்டுரையைக் கைபேசியில் ஒற்றை விரலால் தட்டுவேன். கட்டுரை ஓர் ஆணின் புனைபெயரில் வெளிவந்தது. வேலை நேரத்தில் என் புத்தி எங்கே மேய்கிறது என்று முதலாளிக்குத் தெரிந்தால் வம்பாகிவிடும் என்ற பயம்தான் காரணம்.

முதலாளி திகனவைச் சேர்ந்தவர். எல்லோருக்கும் அவர் ஹாஜியார். என் கெட்ட காலமோ நல்ல காலமோ, அந்தக் கட்டுரைகள் என்றால் அவருக்கு உயிர். திங்கட்கிழமை காலையில் பத்திரிகையை மடித்துக்கொண்டு வந்து என்னிடமே வாசித்துக் காட்டுவார்.

"பாருங்க மகள், இந்த மனுசன் எப்பிடி எழுதீக்காரு! போகாமலே போன மாதிரி ஈக்கி."

நான் கண்ணாடிச் சட்டங்களை அவசரமாகத் துடைப்பேன். கடையில் கண் பரிசோதிக்கும் அக்காவுக்கு மட்டும்தான் உண்மை தெரியும். யாழ்ப்பாணத்துக்காரி. திரைக்குப் பின்னால் போய் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

கலஹாப் பக்கம் தேயிலை மலைக்கு மேலே இருக்கிற ஒரு குகையைப் பற்றி எழுதிய வாரம், ஹாஜியாருக்கு இருப்புக் கொள்ளவில்லை. குகையின் நெற்றியில் பழைய பிராமி எழுத்து இருக்கிறது, ஆனால் தேய்ந்துபோனதால் வாசிக்க முடியாது என்று எழுதியிருந்தேன்.

"வாற போயாக்கு கடை லீவுதானே. என்ட வேன்ல போவோம். ரெண்டு பேரும் வாங்க."

"எனக்கு வகுப்பு வேலை கொஞ்சம் இருக்குங்க ஹாஜியார்" என்று இழுத்தேன்.

"அவ வருவா" என்றாள் அக்கா. "கட்டாயம் வருவா."

பௌர்ணமி விடுமுறையான போயா அன்று விடியற்காலையிலேயே கிளம்பினோம். ஹாஜியார் மடித்த பத்திரிகையை ஸ்டியரிங்கோடு சேர்த்துப் பிடித்திருந்தார். நான் எழுதிய வழியை எனக்கே சத்தமாக வாசித்துச் சொல்லிக்கொண்டு ஓட்டினார். "கோயிலைத் தாண்டினா ஒரு பாலமாம். பாருங்க, பாலம்! பொய் செல்லல்ல மனுசன்!" அக்கா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் தோள்கள் குலுங்கின.

வேனை நிறுத்திவிட்டுத் தேயிலைக்கு நடுவால் ஏறினோம். ஹாஜியாரின் காலில் அட்டை ஏறியது. அதைப் பற்றி எழுத்தாளர் எச்சரிக்கவில்லையே என்று அவர் குறைபட்டபோது, மன்னிப்பு என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன்.

குகைக்கு முன்னால் போய் நின்றதும் அதன் நெற்றியைத்தான் முதலில் பார்த்தேன். போன முறை நான் வந்தது பின்னேரம். பாறை முழுக்க ஒரே சாம்பல் நிறமாகக் கிடந்தது. இப்போது காலை வெயில் பக்கவாட்டில் விழுந்து, ஒவ்வொரு வெட்டுக்குள்ளும் மெல்லிய நிழலைத் தேக்கியிருந்தது. அழிந்துவிட்டதாக நான் நினைத்த எழுத்துகள், வரிசையாக எழுந்து நின்றன.

ஹாஜியார் அண்ணாந்து பார்த்தார். "என்ன செஞ்சும் வேலல்ல. வாசிக்க ஏலாதுண்டு எழுதின ஆளே செல்லீட்டாரே."

"அன்னைக்கு நான் பின்னேரம் வந்தேங்க! வெளிச்சம் சரியில்ல!" என்று கத்தினேன்.

குகை அதைத் திருப்பிச் சொன்னது. அக்கா ஒரு கல்லில் உட்கார்ந்தேவிட்டாள்.

ஹாஜியார் என்னைப் பார்த்தார். பத்திரிகையைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"அந்த மனுசன் நீங்களா?"

தலையை ஆட்டினேன். ஆனால் அந்த நேரத்தில் வேலை போகுமா என்ற கவலைகூட எனக்கு முழுதாக வரவில்லை. கண் பாறையிலேயே இருந்தது. "கொஞ்சம் பொறுங்க ஹாஜியார். அந்தா, கூரை மாதிரி இருக்கே, அது க. அதுக்கு ரெண்டு பக்கமும் கொக்கி மாதிரி நிக்கிறது ச. ச, க, ச. சகச! சங்கத்துக்குன்னு அர்த்தம். இந்தக் குகைய யாரோ பிக்குமாருக்குக் கொடுத்திருக்காங்க!"

வகுப்பில் பலகையில் எழுதிப்போட்டதைத்தான் அதுவரை வாசித்திருக்கிறேன். ஒரு மலை எனக்கு வாசிக்கக் கொடுத்தது அன்றுதான். இரண்டாயிரம் வருடத்துக்கு முன்னால் ஒருவன் உளியால் சொன்னது என் வாயால் வெளியே வந்துவிட்டது. தலை கிறுகிறுத்தது. சிரித்தேனா அழுதேனா என்று இன்றுவரை அக்கா ஒரு மாதிரியும் நான் ஒரு மாதிரியும் சொல்கிறோம்.

"உவளைப் பிடியுங்கோ ஹாஜியார், விழப்போறாள்" என்றாள் அக்கா.

"மாஷா அல்லாஹ்!" என்றார் ஹாஜியார். அவரும் சிரித்துக்கொண்டிருந்தார். "எழுதின ஆள கவுண்டர்ல வெச்சிக்கிட்டா நான் ஒவ்வொரு கிழமையும் வாசிச்சுக் காட்டினேன்? ஒரு வார்த்த செல்லக்கூடாதா மகள்?"

திரும்பும் வழியெல்லாம் நான் பேசிக்கொண்டே வந்தேன். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. குகையில் கைபேசியால் எடுத்த புகைப்படத்தை அடுத்த வகுப்பில் விரிவுரையாளரிடம் நீட்டினேன். கடைசிச் சொல் சரி, அதற்கு முன்னால் இருந்ததை, குகையைக் கொடுத்தவன் பெயர் என்று பிறகு படத்தைப் பார்த்து நான் வாசித்தது முழுப் பிழை என்றார். சரியென்ற பாதியே எனக்குப் போதுமாக இருந்தது. அன்று கண்டிக்குப் பஸ் ஏறியவள், இறங்கவேண்டிய இடத்தைத் தாண்டிப் போனதுகூடத் தெரியாமல், ஜன்னலின் ஈரத்தில் கூரையும் கொக்கியும் வரைந்துகொண்டே போனேன்.