வெள்ளத்துக்கு எடுத்துவைத்த பை

உத்தமபாளையத்தில் நாங்கள் குடியிருந்த தெரு ஆற்றில் போய் முடியும். அந்த ஐப்பசியில் மலையில் விடாமல் பெய்த மழைக்குத் தண்ணீர் கரையேறித் தெருவுக்குள் வந்துவிட்டது. காலையில் நான் காபிக்கு அடுப்பைப் பற்றவைத்தபோது பின்வாசல் வழியாக நுழைந்தது. அண்ணன் எழுந்து உட்காருவதற்குள் கட்டில் காலைச் சுற்றிக்கொண்டது. கட்டியிருந்த துணியோடு இருவரும் வெளியேறினோம்.

அண்ணனுக்கு அப்போது ஐம்பது தாண்டியிருந்தது. சிறுவயதிலிருந்தே வலிப்பு உண்டு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வீட்டில் உட்கார்ந்தபடி பூக்கடைக்குப் பூக் கட்டிக் கொடுப்பார். நான் கணவர் இறந்தபிறகு அவரோடு வந்து சேர்ந்தவள். உரக்கடை ஒன்றில் பில் போடும் வேலை. மாத்திரையை வேளை தவறாமல் போட்டால் அவருக்கு மாதக்கணக்கில் ஒன்றும் வராது. தவறினால் வந்துவிடும். அன்று மாத்திரை டப்பா சமையலறை அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்தது.

எங்கள் தெருக்காரர்களை ஒரு கல்யாண மண்டபத்தில் தங்க வைத்தார்கள். கடைவீதியிலும் தண்ணீர் நின்றதால் மருந்துக்கடைகள் திறக்கவில்லை. மறுநாள் மதியம் சாப்பாட்டுக்கு வரிசையில் நின்றபோது அண்ணன் விழுந்தார். கையிலிருந்த தட்டு உருண்டு போனது. அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்குக் கீழே என் முந்தானையைச் சுருட்டி வைத்தேன். இரும்பைப் பிடித்தால் நின்றுவிடும் என்று யாரோ ஒரு சாவிக்கொத்தை அவர் கையில் திணித்தார். பக்கத்தில் பாய் விரித்திருந்தவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு எதிர்ப்பக்கம் போனார்கள். ஒரு அம்மா தன் மகளின் முகத்தை இழுத்து மடியில் புதைத்துக்கொண்டாள். யாரும் கெட்ட எண்ணத்தில் அப்படிச் செய்யவில்லை என்று எனக்குத் தெரியும். நினைவு வந்து அவர் எழுந்தபோது வேட்டி நனைந்திருந்தது. மாற்ற வேறு வேட்டி இல்லை. மண்டபத்துச் சமையல்காரர் தன்னுடைய கைலி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார்.

தண்ணீர் வடிந்து, வீட்டுச் சேற்றை வழித்துப்போட்டு முடித்த வாரத்தில் நான் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு தோள்பை வாங்கினேன். பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாட்டிக்கொள்வது மாதிரியான பை, நீல நிறம். முதலில் மாத்திரை. தேனி பெரியாசுபத்திரியில் ஒரு மாதத்துக்குத்தான் கொடுப்பார்கள். டாக்டரிடம் வெள்ளத்தில் நடந்ததைச் சொன்னேன். அவர் ஒன்றும் கேட்காமல், வெளியில் வாங்கிக்கொள்ளத் தனியாக ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். வாங்கிய மாத்திரைகளை இறுக மூடும் டிபன் டப்பாவில் போட்டேன். ஆதார், ரேஷன் கார்டு நகல்கள், டார்ச், போனுக்குப் பவர் பேங்க், ரஸ்க், பொரிகடலை, தண்ணீர் பாட்டில், அவருக்கு இரண்டு வேட்டி, எனக்கு ஒரு சேலை. எல்லாவற்றையும் பாலித்தீன் பையில் சுற்றி உள்ளே வைத்து, வாசலுக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டினேன்.

வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் அதைப் பார்த்தார்கள். ஊருக்குப் போகிறீர்களா என்று சிலர் கேட்டார்கள். மண்டபத்தில் எங்களோடு இருந்தவர்கள் கேட்கவில்லை, அவர்களுக்குப் புரிந்தது. ஒருநாள் வேலைவிட்டு வந்தபோது ஆணியில் பை இல்லை. தேடினேன். அரிசி டிரம்முக்குப் பின்னால் அண்ணன் சொருகி வைத்திருந்தார். அவசரத்தில் யார் அங்கே போய்த் தேடுவது என்று சத்தம் போட்டேன். அவர் பூக் கட்டுவதை நிறுத்தவில்லை. நான் பேசி ஓய்ந்தபிறகு சொன்னார்.

"வர்றவுக மொதல்ல பையப் பாக்குறாக. பெறகு என்னையப் பாக்குறாக."

பையை எடுத்துக் கட்டில்மேல் வைத்து, எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள், என்ன வேண்டுமோ நீயே எடுத்துவை என்று சொல்லிவிட்டுச் சமையலுக்குப் போனேன். அது கோபத்தில் சொன்னதுதான்.

அவர் அதை அப்படியே எடுத்துக்கொண்டார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பையைக் கொட்டி, ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். ரஸ்க்கைத் தூக்கி வெளியே வைத்தார், எறும்பு வருமாம். மாத்திரை டப்பாவை மேலே, கை போட்டதும் அகப்படும் இடத்தில் வைத்தார். பிறகு பீரோவைத் திறந்து, கட்டிலுக்கு விரிக்கும் பெரிய போர்வை ஒன்றையும் கொடிக்கயிற்றையும் துணி கிளிப்புகளையும் கொண்டுவந்தார். போர்வை கனத்த பழுப்பு நிறம், வெளிச்சம் ஊடுருவாது. அதைத் திணித்ததும் பை உப்பிப்போனது.

இது எதற்கு, குளிருக்குச் சால்வை போதுமே என்றேன்.

"போத்திக்கிறதுக்கு இல்ல தாயி. நான் விழுந்தா சுத்தி இதக் கட்டிரு. பாக்குறவுக பாக்க வேணாம்."

சாதாரணமாகத்தான் சொன்னார், உப்பு வாங்கி வா என்பது மாதிரி. கயிற்றை எப்படி ஜன்னல் கம்பியில் கட்ட வேண்டும் என்று காட்டினார். நானும் கட்டிப் பார்த்தேன். அதன்பிறகு பை அவருடைய கட்டிலுக்கு மேலே உள்ள பலகையில் இருந்தது.

அடுத்த மழைக்காலத்தில் ஆற்றில் மறுபடி தண்ணீர் ஏறியது. இந்த முறை மைக்கில் முன்கூட்டியே சொல்லிக்கொண்டு போனார்கள். மதியத்துக்குள் நாங்கள் மேட்டிலிருந்த பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டோம். பையை அண்ணன்தான் மாட்டிக்கொண்டு வந்தார். அங்கே எங்களுக்குக் கிடைத்த வகுப்பறையில் எதிர்வீட்டு பாய் குடும்பமும் இருந்தது. அவர்கள் மருமகள் பிரசவமாகி வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அறையில் ஆண்கள் நிறையப் பேர். அந்தப் பெண் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து, தலைத்துணியை இழுத்து இழுத்து மூடிப் பால் கொடுக்கப் பார்த்தாள். குழந்தை குடிக்காமல் வீறிட்டது.

அண்ணன் எழுந்தார். பையைத் திறந்தார். என்ன செய்யப்போகிறார் என்று தெரிந்ததும் எனக்கு வேண்டாம் என்று சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை. ஜன்னல் கம்பியிலிருந்து கரும்பலகை ஆணி வரைக்கும் கயிற்றைக் கட்டி, போர்வையைப் போட்டுக் கிளிப்பு மாட்டினார். அந்தப் பெண்ணின் மாமியார் கீழே இடைவெளி தெரிகிறது என்றார். அதையும் இறக்கிக் கொடுத்தார். குழந்தை சீக்கிரமே அடங்கியது. அதன்பிறகு நனைந்த சேலை மாற்ற, தலை துவட்ட என்று மற்றப் பெண்களும் அதற்குள் போய்வந்தார்கள். அண்ணன் அதற்கு முதுகைக் காட்டியபடி ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சிறுபிள்ளைகள் ஓடிவந்தால், அங்கன போய் விளையாடுங்கப்பா என்று கையை நீட்டினார்.

மாத்திரையை வேளைக்குப் போட்டும் மறுநாள் காலை அவருக்கு வந்தது. தூக்கம் கெட்டால் வரும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பெஞ்சிலிருந்து சரிந்தவரைப் பிடித்துக் கீழே இறக்கினேன். போர்வை அறையின் அந்த மூலையில் இருந்தது; உள்ளே அந்தப் பெண் குழந்தையோடு இருந்தாள். அவிழ்க்க முடியாது. அறை முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது.

அந்த மாமியார் எழுந்து வந்து என் எதிரில் தரையில் உட்கார்ந்தார். என்ன செய்யணும் என்று கேட்டார். புரண்டுவிடாமல் ஒருக்களித்துப் பிடித்தால் போதும் என்றேன். பிடித்துக்கொண்டார். உதறல் நிற்கும்வரை கையை எடுக்கவில்லை. இந்த முறையும் பாயைச் சுருட்டிக்கொண்டு நகர்ந்தவர்கள் ஓரிருவர் இருந்தார்கள். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

தெளிந்து எழ அண்ணனுக்கு வெகுநேரம் ஆனது. தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எல்லாரும் பாத்தாகளா?"

"பாத்தாகண்ணே."

பொய் சொல்லியிருக்கலாம். அவர் நம்பியிருக்க மாட்டார்.

"சரி," என்றார். பாட்டிலை மூடிவிட்டு, குழந்தை தூங்கிவிட்டதா என்று கேட்டார். தூங்குகிறது என்றேன். வேறு வேட்டியை எடுத்துக்கொண்டு மாற்றப் போனார்.

அந்தத் தை மாதம் நாங்கள் வீடு மாறினோம். கோம்பை ரோட்டில் மாடிவீடு. படியேறுவது அவருக்கு ஆபத்து என்று நான் தயங்கினேன். கைப்பிடி இருக்கிறது, போதும் என்று அவர்தான் முடிவு செய்தார். பழைய தெருவுக்கு வாரத்தில் ஒருநாள் போய்வருவார். பாய் வீட்டுக் குழந்தை நடக்கத் தொடங்கிவிட்டது, இவரைக் கண்டால் கையை நீட்டுகிறது என்று வந்து சொல்வார். மழைக்காலத்தில் மட்டும் தினமும் பாலம் வரை நடந்து, பழைய தெருவுக்குத் தண்ணீர் ஏறுமா என்று பார்த்துவிட்டு வருகிறார். நான் வேலைக்குக் கிளம்பும் நேரத்துக்குள் திரும்பிவிடுவார். எந்தக் கல் முழுகியிருக்கிறது, எது தெரிகிறது என்று சொல்லிவிட்டுப் பூக்கூடையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவார்.