கணேசமூர்த்தி தேர்ந்தெடுத்த மிஷின்

போருக்கு முன்பு கணேசமூர்த்தி ஒரு தையல் மிஷின் கம்பெனியில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக இருந்தார். வெள்ளைச் சட்டையும் கறுப்புக் காலணியுமாக, மலாக்கா டவுனின் ஒவ்வொரு சந்திலும் சைக்கிளில் போய் வருவார். தவணைக்கு மிஷின் கொடுப்பது, பெண்களுக்கு நூல் கோக்கச் சொல்லிக்கொடுப்பது, ஓடாமல் நின்றால் கழற்றி எண்ணெய் போட்டு ஓடவைப்பது எல்லாம் அவர் வேலை. ஜப்பான்காரன் வந்ததும் கம்பெனியை மூடிவிட்டார்கள். சம்பளம் நின்றது, ஆனால் பேர் நிற்கவில்லை. அவர் குடியிருந்த காஜா பேராங்குப் பகுதியில் யாருக்காவது மிஷின் என்ற பேச்சு வந்தால் கணேசமூர்த்தியைத்தான் கூப்பிட்டார்கள். அரைவயிறு மரவள்ளிக்கிழங்கோடு திரிந்த அந்த நாளில் அவரிடம் மிச்சமிருந்தது அந்த மரியாதை ஒன்றுதான்.

பக்கத்து வரிசையில் அப்துல் ஹமீது குடியிருந்தார். தோல் பெல்ட்டு, பணப்பை, மிதியடி எல்லாம் கையாலேயே தைப்பவர். நாற்பத்து மூன்றாம் வருஷம் அவருக்கு ஜப்பான் ராணுவக் கிடங்கிலிருந்து ஒரு வேலை வந்தது. இடுப்பில் மாட்டும் தோல்பை அறுபது, ஒரே மாதத்தில். கூலி அரிசியாகவே கிடைக்கும். மாட்டேன் என்று சொல்லக்கூடிய வேலையும் இல்லை. கையால் தைத்தால் இருபதுகூடத் தேறாது. அதனால் மிஷின் ஒன்று வாங்கியே ஆகவேண்டும் என்று மனைவி மஜீதாவின் இரண்டு தங்கக் காப்புகளையும், பதுக்கி வைத்திருந்த அரை மூட்டை அரிசியையும் எடுத்து வைத்துக்கொண்டு கணேசமூர்த்தியிடம் வந்தார்.

"அண்ணே, ஜப்பான் நோட்டுக்கு யாரும் மிஷின் தரமாட்டாங்க. என்கிட்ட இருக்கிறது இவ்வளவுதான். நீங்க பார்த்துச் சொன்னா எதுவானாலும் எடுத்துக்கிறேன்."

"கவலைய விடுங்க பாய். நான் பார்க்காத மிஷினா?" என்றார் கணேசமூர்த்தி.

ஆனால் அவர் பார்த்ததெல்லாம் துணி தைக்கும் மிஷின்கள். தோல் தைக்கும் மிஷினைத் தொட்டதுகூட இல்லை. அதை அப்போதே சொல்லியிருக்கலாம்.

முதலில் ஜாலான் துக்காங் எமாஸ் தெருப் பக்கம் இருந்த சீனச் செருப்புக் கடைக்குப் போனார்கள். தௌக்கே என்று எல்லோரும் கூப்பிடும் கடை முதலாளி சியாவுக்குக் கண் மங்கிவிட்டது. கடையை மூடிவிட்டு, செங் என்ற கிராமத்தில் இருந்த தம்பியிடம் போய்க் கிழங்கு நட்டுப் பிழைக்கப் போவதாகச் சொன்னார். அவருடைய மிஷின் பார்க்கவே அவலட்சணமாக இருந்தது. கொக்கின் கழுத்துப்போல ஒல்லியாக நீண்ட ஒரு கை, பெரிய இரும்புச் சக்கரம், எங்கும் பிசுக்கு. விலை இரண்டு காப்பும் அரிசியும். ஹமீது இரண்டு மடிப்புத் தோலை வைத்துச் சக்கரத்தைச் சுற்றினார். தையல் நன்றாகவே விழுந்தது.

கணேசமூர்த்தி குனிந்து, தோலை அழுத்திப் பிடிக்கும் காலைத் தொட்டார். அது அவர் விரலோடு திரும்பியது. இன்னும் தள்ளினார். முழு வட்டம் சுற்றி வந்து நின்றது. அவர் அறிந்த மிஷின்களில் கால் அசையவே கூடாது. இது ஏன் இப்படி என்று சியாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் முடிந்திருக்கும். ஹமீதும், கடைக்கு வந்திருந்த வேறு இரண்டு பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"கால் கழண்டு போச்சு பாய். இன்னும் பத்து நாள்கூடத் தாங்காது" என்று சத்தமாகச் சொன்னார். அதையே மலாயிலும் சொன்னார். சியா அவரை ஏற இறங்கப் பார்த்தார். சாக்கை எடுத்து மிஷின்மேல் போர்த்தினார்.

அடுத்து, பல தலைமுறையாக மலாயே பேசும் செட்டிகள் குடியிருந்த கம்போங் செட்டியில் ருக்மணி என்ற விதவையின் வீடு. செட்டி வீடுகளில் பேசும் மலாயில்தான் அந்த அம்மாளும் பேசினார். கூடத்தில் மர மேசையோடு கால்மிதி மிஷின். கறுப்பு உடம்பில் தங்க நிறப் பூக்கள் மங்காமல் இருந்தன. கணேசமூர்த்திக்குப் பழைய சிநேகிதரைக் கண்டதுபோல இருந்தது. விலை ஒரே ஒரு காப்பும், பாதி அரிசியும்.

"துணிக்கு நல்லா ஓடும். தோலுக்கு ஓடுமான்னு எனக்குத் தெரியாது" என்றார் ருக்மணி.

"ஓடும்" என்றார் கணேசமூர்த்தி.

ஹமீது கொண்டுவந்த தோல்களில் மெல்லியதாக ஒன்றைக் கணேசமூர்த்தியே தேடி எடுத்து, ஒற்றை மடிப்பாக வைத்துச் சக்கரத்தை மெதுவாகக் கையால் திருப்பினார். நாலு தையல் அழகாக விழுந்தது. அதோடு நிறுத்திக்கொண்டார். ஏன் நிறுத்தினோம் என்பது அவருக்குத் தெரியும்.

"ரெண்டு மடிப்பு வச்சுப் பார்க்கலாமாண்ணே?"

"வேணாம் பாய். ஊசி கிடைக்காத காலம். வீணாக்கக் கூடாது."

ஹமீது நம்பி, ஒரு காப்பையும் பாதி அரிசியையும் கொடுத்து அதை வாங்கிக்கொண்டார்.

மூன்றாம் நாளே ஊசி ஒடிந்தது. எருமைத் தோலின் இரண்டு மடிப்பை அந்த மிஷினால் இழுக்க முடியவில்லை. அன்னாசி நாரில் திரித்த நூல் சிக்கியது. தையல் நாலுக்கு ஒன்று தப்பியது. கணேசமூர்த்தி தினமும் வந்து திருகாணிகளைத் திருகினார், நூலைக் குறை சொன்னார், எண்ணெயைக் குறை சொன்னார். தன்னிடம் இருந்த ஊசிகளையும் கொடுத்தார். அவையும் ஒடிந்தன. பத்தாம் நாள் உள்ளே ஏதோ நகர்ந்து சக்கரம் இறுகிப்போனது. ஹமீது பழைய குத்தூசியை எடுத்துக் கையால் தைக்கத் தொடங்கினார். மஜீதா மெழுகு தடவிக் கொடுத்தார். மறுநாளிலிருந்து கணேசமூர்த்தி அந்தப் பக்கம் போகவில்லை.

மாதம் முடிந்த அன்று காலை அவர் எதிர்ச்சாரிக் காப்பிக்கடையில் உட்கார்ந்திருந்தார். ராணுவ லாரி வந்து ஹமீதின் வாசலில் நின்றது. பதினாலு பைகள்தான் தயாராக இருந்தன. "பாகேரோ!" என்று ஜப்பானில் திட்டிக் கத்திக்கொண்டே சிப்பாய் ஹமீதைத் தெருவுக்கு இழுத்து, இரண்டு கன்னத்திலும் மாறி மாறி அறைந்தான். தொப்பி விழுந்தது. வெயிலில் முட்டி போட வைத்து, தைத்த பைகளைக் கூலியில்லாமல் அள்ளிக்கொண்டு, மிச்சத்துக்கு இன்னொரு மாதம் கெடு வைத்தான். எழுந்துபோய்க் குற்றம் என்னுடையது என்று சொல்ல கணேசமூர்த்திக்குத் தைரியம் வரவில்லை. கடைத் தூணுக்குப் பின்னால் நாற்காலியை நகர்த்திக்கொண்டார்.

இரண்டு நாள் வாசல்பக்கமே வரவில்லை. மூன்றாம் நாள், சிப்பாய்கள் கண்ணில் படாமல் கழற்றிக் கட்டிலடியில் ஒளித்து வைத்திருந்த சைக்கிளை எடுத்து மறுபடி பொருத்தி, சியா போயிருந்த செங் கிராமத்தை நோக்கி மிதித்தார்.

சியா கிழங்குக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தார். மிஷின் விலை போகாமல் தகரக் கொட்டகையில் சாக்கு போர்த்திக் கிடந்தது. சைக்கிளுக்கு மாற்றாகத் தர ஒப்புக்கொண்டார். பிறகு மிஷின் அருகே உட்கார்ந்து, ஒரு பழைய காலணியை அந்த ஒல்லிக் கைமேல் செருகி, காலைத் திருப்பித் திருப்பித் தைத்துக் காட்டினார். தோலைத் திருப்ப முடியாத இடத்தில் கால்தான் திரும்பவேண்டும். அதற்காகத்தான் அது சுற்றுகிறது.

"அன்னைக்கே ஏன் சொல்லல தௌக்கே?" என்று மலாயில் கேட்டார் கணேசமூர்த்தி.

"நீ கேட்கலியே" என்றார் சியா.

இரவல் தள்ளுவண்டியில் மிஷினை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்பதென்று வழியெல்லாம் வார்த்தைகளைக் கோத்துக்கொண்டே வந்தார். வாசலில் மஜீதா நின்றிருந்தார். "இவ்வளவு தூரம் தள்ளிட்டு வந்தீங்களாண்ணே? அல்லா உங்களுக்கு நல்லது செய்வான்" என்றார். அதைக் கேட்டதும் கோத்த வார்த்தைகள் போன இடம் தெரியவில்லை.

"கால் கழண்டிருந்துச்சுல்ல... தௌக்கே ரிப்பேர் பண்ணிட்டாரு" என்றார்.

ஹமீது சாக்கை விலக்கினார். காலை விரலால் தள்ளினார். அது முழு வட்டம் சுற்றி வந்தது.

"அன்னைக்கும் இப்படித்தானே சுத்துச்சு, கிராணி?"

எப்போதும் அண்ணே என்பவர் கணேசமூர்த்தியைக் கிராணி என்று கூப்பிட்டது அதுவே முதல் தடவை.

"எனக்குத் தெரியாது பாய். தோல் மிஷினை அதுக்கு முன்னாடி நான் கண்ணால பார்த்தது இல்ல. தெரியாதுன்னு சொல்ல வெட்கமா இருந்துச்சு."

"காப்பிக்கடைல உட்கார்ந்து பார்த்தீங்களே, அப்பவும் வெட்கமா?"

அவர் தன்னைப் பார்த்திருப்பார் என்று கணேசமூர்த்தி நினைக்கவேயில்லை. நின்ற இடத்திலேயே தலையைக் குனிந்துகொண்டார். மஜீதா உள்ளே போய்விட்டார். ஹமீது மிஷினின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு பக்கம் பிடிங்க, உள்ள வைப்போம்" என்றார்.

இரண்டாவது கெடுவுக்குள் பைகள் முடிந்தன. கணேசமூர்த்தி தினமும் வந்து நூலுக்கு மெழுகு தடவினார். யாரும் வரச் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இறுகிப்போன பூப்போட்ட மிஷினைக் கழற்றி, நகர்ந்ததைச் சரியாகப் பொருத்தி ஓடவும் வைத்தார். அது அவருக்கு உண்மையாகவே தெரிந்த வேலை. மஜீதா அதில் பழைய திரைச்சீலைகளைச் சட்டையாகத் தைத்து விற்றார். கொடுத்த காப்பு வீண்போகவில்லை என்று அவர் சொன்னபோது, ஹமீது தோலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

அந்த நாளைப் பற்றி ஹமீது அதன்பிறகு பேசியதே இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்று கணேசமூர்த்தி மனைவியிடம் ஒருமுறை சொன்னார். போர் முடிந்து கம்பெனி திறந்தபிறகும், ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் ஹமீதின் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து கொஞ்சநேரம் நூல் மெழுகிவிட்டு வருவார்.